நூற்றுப் பதினேழு சுற்று

வாசிக்கிறவர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
நான் பளு தூக்குகிறவன்.
டுலூத் துறைமுகத்து இசைக்குழுவில்
லாரிக்கும் மேடைக்கும் நடுவே
இருபத்தாறு வருடம் டிம்பானி உருட்டியவன்.
நான்கு செப்புக் கொப்பரைகள், மேலே கன்றுத்தோல்.
பெரியதின் எடை என் மனைவியின் எடை.
அவளிடம் சொன்னதில்லை.

ஐம்பத்தேழாம் வருடத் தேர்வுக்கு
மேடைக்குக் குறுக்கே திரை கட்டியதும் நான்தான்.
வாசிப்பது யாரென்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதாம்.
பதினோராம் எண் வந்தபோது
"ஷூவைக் கழற்றிவிடுங்கள்" என்றேன், காதோரம்.
குதிகால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.
ஏன் சொன்னேன், தெரியாது.
அன்று காலை மேலாளர் என் கூலியில்
இரண்டு டாலர் பிடித்திருந்தார்.
அந்தக் கோபமாகவும் இருக்கலாம்.

வெர்டெல் ஓக்ஸ்.
டொலீடோவில் இரும்பு வார்ப்பவரின் மகள்.
காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை.
வாசித்தாள்.
திரைக்கு அந்தப் பக்கம் பேனாக்கள் நின்றன.
பெயரைக் கூப்பிட்டு
நான் திரையை அவிழ்த்தபோது
முதலில் யாரும் கைதட்டவில்லை,
பிறகும் யாரும் கைதட்டவில்லை.
பெண் என்பது ஒன்று, கறுப்பு என்பது இன்னொன்று.
எதற்கு முதலில் திகைப்பது என்று தெரியாத
ஏழு முகங்கள்.
ஆனால் தாளில் மை காய்ந்துவிட்டிருந்தது.

மற்றவர்களுக்குச் சோதனைக் காலம் ஆறு மாதம்.
அவளுக்கு ஒரு வருடம்.

டிம்பானிக்காரரின் வேலை பாதிக்கு மேல் சும்மா நிற்பது.
சும்மா என்றால் சும்மா அல்ல.
வயலின்கள் வேறொரு சுருதியில் நீந்திக்கொண்டிருக்க
அவள் குனிவாள், தோலருகே காது,
நகத்தால் ஒரு தட்டு,
மூக்குக்குள்ளே ஒரு முனகல்,
மிதியில் பாதம் மயிரிழை இறங்கும்.
உதடு மட்டும் அசையும்:
நூற்றுப் பதினாறு, இரண்டு, மூன்று, நான்கு,
நூற்றுப் பதினேழு, இரண்டு, மூன்று, நான்கு,
பிறகு
ஒரே ஓர் அடி.
அது மேடைப் பலகை வழியாக வந்து
என் பூட்ஸில் ஏறி
கடைவாய்ப் பல்லில் நிற்கும்.

ஜூலைப் பயணத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில்,
விடுதிக்காரன் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டே
அறை இல்லை என்றான்.
பலகை நிறையச் சாவிகள்.
மற்ற எழுபது பேரும் மாடி ஏறினார்கள்,
சிலர் தரையைப் பார்த்தபடி, அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அவள் லாரியில் படுத்தாள்
முரசுகளுக்கு நடுவே, சுமைப் போர்வையின் மேல்.
கொசு. புழுக்கம்.
கதவைத் திறந்து வைத்து
பெட்டி அட்டையொன்றைக் கிழித்து
விடியும்வரை விசிறினேன்.
காலையில் கேட்டாள்.
"ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், அதற்காக" என்றேன்.
"தோலுக்காகத்தானே, ஹால்வர்?" சிரித்தாள்.
எந்தத் தோலைச் சொன்னாள் என்பது
பத்து மைல் தாண்டித்தான் எனக்கு உறைத்தது.

பிப்ரவரியில் வாக்கெடுப்பு.
முந்தின இரவு யாரோ கொதிகலனை
முழுக்கத் திருகிவிட்டிருந்தார்கள்.
அரங்கம் அடுப்பு. தோல் சுண்டி,
சுருதி எங்கேயோ ஏறிக் கிடந்தது.
திருகியவர் யார் என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன்.
அவள் ஒரு கொப்பரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு
ஈரத் துண்டு நான்கு கேட்டாள்.
கொண்டுவந்து கொடுத்தேன்.
என் வீரம் அவ்வளவுதான்.

வாசித்து முடித்த பிறகும் மூன்று பேர்
"சுருதி சேரவில்லை" என்று எழுதினார்கள்.
நான்கு பேர் எழுதவில்லை.
அந்த ஒற்றைக் கையின் வித்தியாசத்தில்
பத்தொன்பது வருடம் நின்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக
டிக்கெட் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தேன்.
"எதற்கு ஷூவைக் கழற்றி வைத்திருக்கிறாள்?" மனைவி கேட்டாள்.
மிதி வழுக்கும் என்றேன்.
வயலின்கள் தொடங்கின.
அவள் உதடு அசைந்தது.
நானும் எண்ணினேன், தொடைமேல் விரல் வைத்து.
எழுபதுவரை சரியாக வந்தது,
பிறகு கொதிகலன் நினைவுக்கு வந்து
கணக்குத் தப்பியது.

அடி விழுந்தபோது
நான் தயாராக இல்லை.